பதினொரு பத்தேகால்

அத்தியாயம் 7

"மேடம், இது செத்துப்போச்சா, இல்ல நம்மளப் பாத்துக் கண்ணடிக்குதா?"

ஒச்சாண்டி கேட்டதும் கிருபாவதி கம்ப்யூட்டர் பக்கம் குனிந்து பார்த்தாள். கருப்புத் திரையின் இடது மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் தோன்றித் தோன்றி மறைந்துகொண்டிருந்தது. படம் கிடையாது, மவுஸ் கிடையாது, அமுக்குவதற்கு ஒரு பட்டன்கூடக் கிடையாது. என்ன வேண்டுமானாலும் எழுத்து எழுத்தாகத் தட்டித்தான் கேட்க வேண்டுமாம். தேனியில் ஒரு மருந்துக்கடை மாடியில் பன்னிரண்டு வருடமாகத் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் அவள். மாப்பிள்ளைக்கு வேறு குடும்பம் உண்டா என்று விசாரித்துச் சொல்வாள். காணாமல் போன டிராக்டரைத் தேடிக் கொடுப்பாள். பொய் சொல்கிறவனின் முகத்தைப் பார்த்தால் அவளுக்குப் போதும். இந்தச் சனியனுக்கு முகமே இல்லை.

"மணி என்னண்ணே?"

"ஒம்பது முப்பத்தஞ்சு. கரண்ட் வந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு. பன்னெண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்துருவாக. அது வரைக்கும் கரண்டு நெலைக்கணும், இல்லாட்டி நம்ம பொழப்பு நெலைக்காது."

அவளுடைய உதவியாளரான ஒச்சாண்டி கம்பம் ரூட்டில் இருபது வருடம் மினிபஸ் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸை விட்டு இறங்கி நாலு வருடமாகியும் வாய் மட்டும் இன்னும் ஃபுட்போர்டில்தான் நின்றது.

அவர்கள் உட்கார்ந்திருந்தது ராயப்பன்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், நல்லகண்ணுவின் திராட்சைத் தோட்டத்து மோட்டார் செட்டில். நாலு ஏக்கர் பந்தல். தண்ணீர் விடுவதையும் உரம் கலப்பதையும் பார்த்துக்கொள்ள, சோப்புப் பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டரை மகிமா இங்கே பொருத்திக் கொடுத்திருந்தாள். மகிமா போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். வயது இருபத்து நாலு.

செட்டுக்கு வெளியே உரத்தொட்டி. தண்ணீர் மோட்டார் ஓடும்போது அதற்குள் ஓர் இரும்புத் துடுப்பும் சுற்றும். தொட்டியின் மூடி திறந்திருந்தால் மோட்டார் ஓடவே கூடாது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருந்தாள் மகிமா. அந்த ஏற்பாட்டுக்கு மூடிக்காவல் என்று பெயரும் வைத்திருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டாம் தேதி காலை, கூலிக்கு வந்த சுருளியம்மாள் மூடியைத் திறந்து தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது. மோட்டார் தானாக ஓடியது. வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

மூடிக்காவலை யாரோ நீக்கியிருந்தார்கள். கம்ப்யூட்டரின் பதிவேடு நேரத்தோடு காட்டிக் கொடுத்தது. மூன்றாம் தேதி, காலை 10:42. அந்த நேரத்தில் இந்த அறைக்குள் இருந்தது மகிமா ஒருத்திதான். பதினொரு மணி பஸ்ஸில்தான் அவள் போடிக்குக் கிளம்பினாள்.

இன்று காலையிலிருந்து அவள் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறாள். போனை வாங்கி வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு அவளை இங்கே கூட்டி வந்து, செய்த இடத்தைக் காட்டச் சொல்லி, அப்படியே கோர்ட்டுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. அதுவரை கிருபாவதி பதிவேட்டைப் படித்துப் பார்க்கலாம், புதிதாக எதையும் ஏற்றலாம், பழையதை அழிக்கக் கூடாது, எதையும் இடம் மாற்றக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் முத்துராஜா பெரிய மனது பண்ணிச் சொல்லியிருந்தார்.

நேற்று மாலை, விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வந்திருந்தபோது, மகிமா ஒரு பென்டிரைவைக் கொடுத்தாள். "நான் எழுதின புரோகிராம் இதுல அப்படியே இருக்குக்கா. அங்கன வச்சே கம்பைல் பண்ணி, இப்ப ஓடுறதோட ஒப்பிட்டுப் பாருங்க. நான் எதையும் ஒளிச்சு வைக்கலன்னு தெரியும்" என்றாள். எழுதின புரோகிராமை இயந்திரம் தின்கிற மாதிரி அரைத்துக் கொடுக்கிற மில்லுக்குப் பெயர் கம்பைலராம். அந்த மில் இந்தப் பெட்டிக்குள் இல்லை. முதலில் அதை நட்டாக வேண்டும். எப்படி நடுவது என்று மகிமாவே ஒரு நோட்டில் எழுதி, மேசை மேல் விட்டுப் போயிருந்தாள். 'புது ஆளுக்கு: இயந்திரத்தைத் தயார் செய்யும் முறை' என்று தலைப்பு. கீழே ஒன்று, இரண்டு என்று படிகள்.

கிருபாவதி அந்தப் புது ஆள். நாற்பத்தேழு வயதுப் புது ஆள்.

"முதல் படி. பேரு அடிக்கணும், அப்புறம் கடவுச்சொல்."

ஒச்சாண்டி ஒற்றை விரலால் பெயரைக் குத்தினார். திரையில் வந்தது. கடவுச்சொல்லைக் குத்தினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி குத்தினார். ஓங்கிக் குத்தினார்.

"மேடம், கீபோர்டு போச்சு."

"மெதுவாண்ணே."

"ஒரு புள்ளி கூட விழ மாட்டேங்குது மேடம். கல்லுல அடிச்ச மாதிரி இருக்கு."

தப்பு என்று ஒரு வரி வந்தது. இன்னொரு முறை. மறுபடியும் தப்பு. நோட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் மகிமா எழுதியிருந்ததைக் கிருபாவதி அப்போதுதான் பார்த்தாள். 'கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது. பயப்பட வேண்டாம்.' பயப்பட வேண்டாமாம். பயத்தைத் தவிர அவளுக்குக் கைவசம் வேறொன்றும் இல்லை.

மூன்றாவது தடவை உள்ளே விட்டது. வாங்க என்றும் சொல்லவில்லை, உட்காருங்க என்றும் சொல்லவில்லை. அதே வெள்ளைக் கட்டம் ஒரு வரி கீழே இறங்கி மினுக்கியது.

"சரியா செஞ்சா வாயத் தெறக்காது, தப்பா செஞ்சா மட்டும் பேசும்போல" என்றார் ஒச்சாண்டி. "எங்க செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒருத்தர் இருந்தாரு, அச்சு அசல் இதே குணம்."

கதவருகே நிழலாடியது. தூக்குவாளியில் டீயோடு நல்லகண்ணு வந்தார். அறுபத்திரண்டு வயது, ஒடிசலான தேகம். திராட்சைக்கு மயில்துத்தம் கலந்து அடித்து அடித்து இரண்டு கட்டைவிரல்களும் நீலம் பாரித்திருந்தன. இந்தக் கேஸைக் கொடுத்ததே அவர்தான். யார் செய்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லவில்லை, அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஏன் செய்தாள் என்றுதான் தெரிய வேண்டும் என்றார்.

"என்னாச்சு ஆத்தா? ஏதும் தட்டுப்பட்டுச்சா?"

"இப்பத்தான் உள்ளயே விட்டிருக்கு ஐயா."

"ஆசுபத்திரிக்குப் போயிட்டுத்தேன் வாரேன். சுருளியம்மா கைய நீட்டிக் காமிச்சு, 'இனிமே எப்பிடி அண்ணே குலை அறுப்பேன்?'ங்குது. கத்திரி புடிச்ச கை அது. எனக்குச் சோறு எறங்கல. அந்தப் பிள்ளைய நான் சும்மா விட மாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவர் கண் கலங்கியது. கிருபாவதி முகத்தைப் பார்த்தாள். பொய் இல்லை. நல்ல மனுஷன்.

ஒச்சாண்டி டீயை ஊற்றிக்கொண்டே கேட்டார். "ஏங்கய்யா, காலையில நாங்க வந்தப்ப பல்பு எரிஞ்சுச்சு, இந்தப் பொட்டிக்கு மட்டும் உசுரு இல்ல. கரண்ட்டுலயும் ஓரவஞ்சனையா?"

"பல்பு வீட்டு லைனு. அதுல எந்நேரமும் இருக்கும். இது மோட்டார் லைனு. இந்த மாசம் டிரான்ஸ்பார்மர் வேலை நடக்குதுல்ல, மோட்டாருக்கு ஒரு நாளைக்கு ஒருக்காத்தேன் விடுறாக. எப்ப வரும் எப்ப போகும்னு சொல்ல மாட்டாக. சனிக்கெழமை பாருங்க, வீட்டுல எல்லாரும் குச்சனூருக்குப் போயிட்டாக, நான் ஒத்தையில இங்கன காத்துக் கெடக்கேன். ரெண்டு மணிக்கு வந்துச்சு, ரெண்டரைக்கெல்லாம் புடுங்கிட்டாக."

"இந்தப் பெட்டிய மோட்டார் லைன்ல மாட்டினது மகிமாவா?"

"அந்தப் பிள்ள வீட்டு லைன்லதேன் மாட்டிட்டுப் போச்சு. அன்னிக்குச் சாயங்காலம் நாந்தேன் மாத்துனேன். மோட்டாருக்கு மூளை இதுதேன்னா, ரெண்டும் ஒரே லைன்ல இருந்தாத்தான ஒண்ணா முழிச்சு ஒண்ணா தூங்கும்?"

சொன்னது நியாயமாகத்தான் பட்டது. கிருபாவதி தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

"மகிமா போனதுக்கப்புறம் இந்த ரூமுக்குள்ள யாராச்சும் வந்தாகளா?"

"ஈ எறும்பு வரல." நல்லகண்ணு வேட்டி இடுப்பை விலக்கி, அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த சாவியைக் காட்டினார். "சாவி எங்கிட்டதேன் இருந்துச்சு. குளிக்கிறப்பக்கூட அவுக்க மாட்டேன். போலீஸ்காரவுக வந்தப்பவும் நாந்தேன் தெறந்து விட்டேன். எந்தக் கோயில்ல வேணும்னாலும் கற்பூரம் அடிச்சுச் சொல்லுவேன்."

அதுதான் கேஸின் முதுகெலும்பு. வேறு யாரும் வரவில்லை, ஆகவே அவள்தான். கிருபாவதிக்கு அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. நேற்று அவள் அழக்கூட இல்லை. 'பன்னெண்டாவது படியையும் நான் செஞ்சேன்க்கா' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். எந்தப் பன்னிரண்டு, என்ன படி என்று கேட்பதற்குள் கான்ஸ்டபிள் அம்மா விசாரணைக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது படி, போனிலிருந்து நெட் கொடுப்பது. ஒச்சாண்டி போனை எடுத்துக்கொண்டு செட்டு முழுக்கச் சுற்றினார். ஜன்னல் கம்பியில் செருகி வைத்தபோதுதான் இரண்டு கோடு கிடைத்தது. இரண்டாம் படியின் கீழேயும் பொடி எழுத்தில் நாலு வரி இருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்ததால் கிருபாவதி அதைத் தாண்டி நேரே மூன்றுக்குப் போனாள். என்னென்ன புரோகிராம் ஏற்றக் கிடைக்கும் என்ற பட்டியலை நெட்டிலிருந்து இறக்கும் கட்டளை அது; இணைத்த கையோடு அதை அடிக்கச் சொன்னாள்.

"சுடோ... அப்புறம் இடம் விடணும்."

"சுடச்சுட ஏதோ கேக்குது. டீ கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"அடிங்கண்ணே."

இடம் விடாமல் அடித்தார். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. இடம் விட்டு, ஓர் எழுத்தை விட்டுவிட்டு அடித்தார். இல்லை என்றது. நாலாவது தடவை அது ஏதோ யோசித்து, மளமளவென்று ஆங்கிலத்தில் எழுதித் தள்ளி, கடைசியில் ஒரு பிழையைக் காட்டி நின்றது. கிருபாவதி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இந்தப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகல. செல்லுபடியாக இன்னும் பத்து நாள், பதினாலு மணி நேரம் ஆகும்."

"என்னது?"

"அப்படித்தாண்ணே போட்டிருக்கு."

ஒச்சாண்டி எழுந்து நின்று திரையைக் கும்பிட்டார். "பட்டா மாத்தப் போனாத்தேன் பத்து நாள் கழிச்சு வாங்கம்பாக. பொட்டியுமா? இருங்க, இதப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல வச்சுக்கிறேன்." போனை ஜன்னலிலிருந்து எடுக்க முடியாது என்பதால் நல்லகண்ணுவின் போனை வாங்கி எடுத்து, தன் நம்பருக்கு அனுப்பிக்கொண்டார்.

கிருபாவதிக்குச் சிரிப்பு வரவில்லை. மணி பத்தேமுக்கால். கேட்க ஆளில்லை. தெரிந்த ஒரே ஆள் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பத்து நாளாம்! பத்து நாளில் அந்தப் பெண் ஜெயிலில் எத்தனை ராத்திரி கழித்திருப்பாளோ. கிருபாவதி வெளியே வந்து பந்தலடியில் நின்றாள். தலைக்கு மேல் கருத்துப் பழுத்த குலைகள். அறுக்க வேண்டியவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பன்னிரண்டு வருடத்தில் இப்படிக் கையைக் கட்டிப் போட்ட மாதிரி அவள் நின்றதில்லை. கேஸை எடுத்திருக்கவே கூடாது என்று தோன்றியது. முகத்தைக் கழுவிக்கொண்டு, வேறு வழி தெரியாததால் உள்ளே போனாள்.

"இன்னொருக்கா அடிச்சுப் பாருங்கண்ணே."

"அதான் பத்து நாள்னு..."

"அடிங்க."

அடித்தார். இந்தத் தடவை பிழை வரவில்லை. பட்டியல் முழுவதும் வந்து இறங்கி, வெள்ளைக் கட்டம் சமர்த்தாக அடுத்த கட்டளைக்குக் காத்து நின்றது.

ஒச்சாண்டி ஜன்னல் வழியாகச் சூரியனைப் பார்த்தார். "மேடம், நீங்க முகம் கழுவப் போயி பத்து நிமிஷந்தேன் ஆச்சு. பத்து நாளு எந்தப் பக்கமா ஓடுச்சு?"

"தெரியல. கம்பைலரப் போடுங்க முதல்ல."

நாலாவது படியை அடித்தார்கள். சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று ஓர் எழுத்து அடித்தார்கள். ஜன்னல் கம்பியில் தொங்கிய போன் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. நூற்றுக்கு மூன்று. நூற்றுக்கு நாலு.

சும்மா இருப்பதற்குப் பதில் பதிவேட்டைப் பார்க்கலாம் என்று நினைத்தாள் கிருபாவதி. இன்னொரு கருப்புத் திரைக்கு மாற என்ன அமுக்க வேண்டும், பதிவேட்டை விரிக்க என்ன அடிக்க வேண்டும் என்று நோட்டின் பின் அட்டையில் இருந்தது. இன்ஸ்பெக்டர் ஞாயிற்றுக்கிழமை மாலை எடுத்த நகல் ஏற்கனவே அவள் கையில் இருந்தது. ஸ்டேஷன் எழுத்தர் எல்லாவற்றையும் நேர வரிசைப்படி அடுக்கி அழகாக டைப் செய்திருந்தார். மூன்றாம் தேதி 9:58, மூடிக்காவல் நீக்கம். 10:07, மூடிக்காவல் போட்டது. அப்புறம் இயந்திரம் துவக்கம், 10:15. அந்த வரி மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒன்பது தடவை. கடைசியில் 10:42, மூடிக்காவல் நீக்கம். அந்த ஒன்பதையும் சிவப்பு மையில் சுழித்து, 'படபடப்பில் ஒன்பது முறை ஆன் செய்திருக்கிறாள்' என்று எழுதியிருந்தார் முத்துராஜா.

"நான் திரையில படிக்கிறேன். நீங்க பேப்பர்ல டிக் போடுங்கண்ணே. துவக்கம் பத்தேகால்."

"டிக்."

எட்டு பத்தேகால் வரை சரியாக வந்தது. ஒன்பதாவதுக்குப் பதில் திரையில் வேறு வரி நின்றது. 10:42, மூடிக்காவல் நீக்கம். அதற்குக் கீழேதான் அடுத்த பத்தேகால்.

"பத்து நாப்பத்திரெண்டுக்கு அப்புறம் பத்தேகாலா?" ஒச்சாண்டி பேனாவைக் காதில் செருகினார். "ரிவர்ஸ் கியரா?"

"எழுத்தர் வரிசையா இருக்கட்டும்னு மாத்தி அடுக்கியிருக்காரு. சரி, டிக் போடுங்க. ஒன்பது ஆச்சா?"

"ஆச்சு."

"இன்னொரு பத்தேகால்."

"இல்ல மேடம், ஒம்பதோட முடிஞ்சுபோச்சு."

"இங்க இருக்கே. அதுக்குக் கீழ இன்னொண்ணும் இருக்கு."

இருவரும் திரையில் விரல் வைத்து எண்ணினார்கள். பதினொன்று. மறுபடி எண்ணினார்கள். பதினொன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாக இருந்தது செவ்வாய்க்கிழமை பதினொன்றாக வளர்ந்திருந்தது. எல்லாமே மூன்றாம் தேதி, பத்தேகால்.

"நடந்து முடிஞ்ச காலை ஒண்ணுக்குள்ள இன்னும் ரெண்டு பத்தேகால் எப்பிடி மேடம் புதுசா பொறக்கும்?"

கிருபாவதி நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டாள். கடைசி வரியையே பார்த்தாள். கடைசியாக இயந்திரம் துவங்கியது எப்போது? இன்று காலை ஒன்பதரைக்கு, கரண்ட் வந்ததும், அவள் கண் முன்னால். அந்தத் துவக்கத்துக்குத்தான் இயந்திரம் மூன்றாம் தேதி பத்தேகால் என்று கணக்கு எழுதியிருந்தது.

அவள் அவசரமாக நோட்டைப் புரட்டி, இரண்டாம் படியின் கீழே தாண்டிப்போன பொடி எழுத்தைப் படித்தாள். 'இதன் கடிகாரத்துக்கு பேட்டரி இல்லை. நெட் கிடைத்தால்தான் இதற்கு இன்றைய தேதி தெரியும். போனை இணைத்து ஒரு நிமிடம் பொறுத்து, தேதியைச் சரிபார்த்த பிறகே அடுத்த படி. பிளக்கை வீட்டு லைனிலிருந்து எடுக்க வேண்டாம்.'

"அண்ணே, மூணாந்தேதி மகிமா கடைசியா நெட்டைக் குடுத்தது பத்தேகாலுக்கு. அன்னிக்குச் சாயங்காலம் பிளக்க மோட்டார் லைனுக்கு மாத்தியாச்சு. அப்புறம் இதுக்கு நெட்டே கிடைக்கல. தினம் கரண்ட் போகும்போது இது செத்துப்போகுது. மறுநாள் கரண்ட் வந்ததும் முழிச்சு, தனக்குத் தெரிஞ்ச கடைசி நேரத்துல இருந்து ஆரம்பிக்குது."

"தினமும் மூணாந்தேதியா?"

"தினமும் மூணாந்தேதி, பத்தேகால். அதனாலதான் இன்னிக்கு வெளியான பட்டியலப் பாத்து, இதுக்கு இன்னும் பத்து நாள் இருக்குன்னு சொல்லுச்சு. நான் முகம் கழுவுற நேரத்துல நெட் மூலமா தேதியத் திருத்திக்கிச்சு. நீங்க எடுத்த போட்டோ இல்லைன்னா இதச் சொல்ல நமக்கு சாட்சிகூட இருந்திருக்காது."

ஒச்சாண்டி விரல் விட்டு எண்ணினார். "நாலாந்தேதி மொத பத்தேகால். ஒரு நாளைக்கு ஒண்ணு. இன்னிக்குப் பதினாலு, பதினொண்ணாவது. சரியா வருது மேடம்! அப்ப அந்தப் பிள்ள..."

"எட்டாவது துவக்கத்துக்கு அப்புறம்தான் மூடிக்காவல நீக்கியிருக்காங்க. எட்டாவது எந்தத் தேதி?"

"பதினொண்ணு. சனிக்கெழம."

"கரண்ட் வந்து இருபத்தேழாவது நிமிஷம்" என்றாள் கிருபாவதி. ஜெயித்த சந்தோஷம் வரும் என்று நினைத்த இடத்தில் அது வரவில்லை. சனிக்கிழமை ரெண்டு மணிக்கு வந்து ரெண்டரைக்குப் போன கரண்டைப் பற்றிக் காலையில் ஒருவர் அவளிடம் சொல்லியிருந்தார்.

அவர் வாசல்படியில் உட்கார்ந்து தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

கிருபாவதி நோட்டைத் திருப்பி முதல் பக்கத்தின் அடியைப் பார்த்தாள். பதினொன்றாவது படி, அந்தப் பக்கத்தின் கடைசி வரி. 'சோதனைக்காக: மூடிக்காவலை நீக்கி மோட்டாரை ஓட்டிப் பார்க்கவும்.' அந்த வரியின் ஓரத்தில், காகிதத்தை அழுத்திப் பிடித்த அடையாளமாக ஒரு கட்டைவிரல் ரேகை. நீலம். காலையிலிருந்து இந்தப் பக்கத்தை நூறு தடவை பார்த்திருக்கிறாள். மைக்கறை என்று நினைத்திருந்தாள்.

தாளைத் திருப்பினாள். பின்பக்கம் ஒரே ஒரு வரி. 'பன்னிரண்டு: உடனே மூடிக்காவலைத் திரும்பப் போடவும். மறக்கவே கூடாது.' கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள் மகிமா. அந்தப் பக்கத்தில் நீலம் எங்கேயும் இல்லை.

"ஐயா" என்று கூப்பிட்டாள். "சனிக்கிழமை கரண்ட் வந்ததும் மோட்டார் தானா ஓடுச்சா?"

"எங்க ஓடுச்சு?" நல்லகண்ணு வாளியைத் துடைத்தபடியே வந்தார். "கரண்ட் வந்துருச்சு, மோட்டார் கம்முனு கெடக்கு. தண்ணி பாய்ச்சி மூணு நாள் ஆச்சு, பழம் சுருங்குது. மகிமாவுக்குப் போன் போட்டேன், எடுக்கல. சரி, நோட்டுத்தான் இருக்கே, நாமளே பாப்போம்னு உள்ள வந்து ஒண்ணொண்ணா அடிச்சேன். பேர அடிச்சேன், அப்புறம் நடுவுல உள்ளதெல்லாம் வெளங்கல, கடைசியில மோட்டாரு ஓட்டன்னு இருந்துச்சு, அத அடிச்சேன். கெதக்குனு ஓடுச்சுல்ல!" அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போனது. "அதுவும் ரெண்டு நிமிஷந்தேன். புடுங்கிட்டாக."

"மோட்டார் ஏன் ஓடலைன்னு பாத்தீங்களா? தொட்டி மூடி..."

"மூடி சரியா ஒக்காராம கெடந்துச்சு. அப்புறமா மூடி விட்டேன்."

"ரூமுக்குள்ள யாரும் வரலைன்னு சொன்னீங்களே."

"ஆமா, யாரு வந்தா?" நல்லகண்ணு புரியாமல் அவளைப் பார்த்தார். "நம்ம மோட்டார நாம போடுறத யாராச்சும் வந்ததுன்னா சொல்லுவாக?"

ஒச்சாண்டி திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

கிருபாவதி எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே பிற்பாடு ஞாபகம் இல்லை. பதினொரு பத்தேகாலைக் காட்டினாள். எட்டாவதைக் காட்டினாள். நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டி, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் காட்டினாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டுத் தன் இரண்டு கட்டைவிரல்களையும் பார்த்தார். சட்டையில் தேய்த்தார். அது போகிற நீலமா?

"இல்ல ஆத்தா. மூணாந்தேதின்னு போட்டிருக்குல்ல. மெசின் பொய் சொல்லாதுன்னு இன்ஸ்பெக்டர் சொன்னாகளே."

"அது பொய் சொல்லல ஐயா. அதுக்குத் தெரிஞ்சதச் சொல்லுச்சு."

"அப்ப மறுநாள் கரண்ட் வந்தப்ப..." அவர் வாய் அசைந்தது. "சுருளியம்மா கைய உள்ள விட்டுருந்தப்ப..."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எத்தனையோ பேரை நேருக்கு நேர் நிறுத்தி 'நீதான்' என்று சொன்னவள். அப்போதெல்லாம் எதிரே நின்றவன் திமிறுவான், சத்தம் போடுவான். இந்த மனுஷர் வாளியைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றார். அவருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. சொன்னால் அந்தப் பெண்ணுக்குத் துரோகம் என்றும் பட்டது.

திரையில் ஏதோ ஓடி நின்றது. கம்பைலர் முழுவதும் இறங்கி, எல்லாம் தயார் என்று காட்டி, வெள்ளைக் கட்டம் மினுக்கியது. யாரும் அதைத் தொடவில்லை.

தோட்டத்து வண்டிப்பாதையில் ஜீப் சத்தம் கேட்டது. மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. முத்துராஜா முன்னால் இறங்கினார். பின்னால் கான்ஸ்டபிள் அம்மாவோடு மகிமா இறங்கினாள். நேற்றுப் போட்டிருந்த அதே சுடிதார். கிருபாவதி பேப்பரையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு கதவுக்கு வருவதற்குள் நல்லகண்ணு அவளைத் தாண்டி வெளியே போயிருந்தார். பந்தல் நிழலில், அந்தப் பெண்ணுக்கு எதிரே போய் நின்றார். அவரைக் கண்டதும் மகிமா ஓரடி பின்வாங்கினாள்.

"பக்கத்தத் திருப்பாம விட்டுட்டேன் ஆத்தா" என்றார்.

மகிமாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "பன்னெண்டா?" என்று மெல்லக் கேட்டாள். அவர் தலையசைத்ததும், நேற்றிலிருந்து அழாதவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"என்னய்யா இது? என்ன நடக்குது இங்கன?" என்றார் முத்துராஜா.

நல்லகண்ணு வேட்டியை விலக்கி அரைஞாண் கயிற்று முடிச்சை அவிழ்த்தார். கழற்றிய சாவியை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"சாவி எங்கிட்டதேன் இருந்துச்சுங்கய்யா" என்றார். "எங்கிட்ட மட்டுந்தேன் இருந்துச்சு."